துணிப்பந்துகள்

"கதவைச் சாத்து. அவ வந்துட்டா," என்றாள் மாமியார்.

மருமகள் கைக்குழந்தையோடு எழுந்தாள். வாசலில் நின்றது வேறு யாருமல்ல, அவளுடைய சொந்த அக்கா. தெருக்கோடியில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள். கையில் குழந்தைக்கென்று தைத்த சின்னச் சட்டை.

"அத்தை, அக்கா ஒரு நிமிஷம் பிள்ளையப் பாத்துட்டுப் போகட்டுமே."

"போன தடவையும் சட்டையோடதான் வந்தா. மறுநாளே பிள்ளை போச்சு. நீ மறந்திருக்கலாம், நான் மறக்கல."

முதல் பிள்ளை பிறந்தபோதே மூச்சுத் திணறிக்கொண்டு பிறந்தது. தங்குவது கஷ்டம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதைத் தெரு எங்கே காதில் வாங்கியது? தையல்காரிக்குக் கண் கொஞ்சம் பூனைக்கண். புருஷன் இல்லாதவள். யார் வீட்டுக்கும் போய் வம்பளக்காதவள். சூனியக்காரி என்று பேர் வைக்க இது போதாதா?

சட்டையை ஜன்னல் கம்பியில் சொருகிவிட்டு அவள் போனாள். மாமியார் அதைக் குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டாள். மறுநாள் அந்த வழியே போன தையல்காரி அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெருவிலிருந்த காலிக் கிடங்குக்கு வெளியூர் நாடகக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மேடை கிடையாது, திரை கிடையாது, உட்கார நாற்காலிகூடக் கிடையாது. முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு, பகலெல்லாம் சுவரைப் பார்த்து ஊளையிட்டார்கள்.

"இதுக்குப் பேரு நாடகமா?" என்றார் சலவைக்கடைக்காரர்.

"பரிசோதனையாம்," என்றார் பால்காரர்.

"யாரு மேல? நம்ம மேலயா?"

அவர்களுக்குக் கறுப்பு அங்கி தைத்துக் கொடுப்பது தையல்காரிதான் என்று தெரிந்ததும் தெருவின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஆனாலும் நாடகத்தன்று ஒரு வீடு பாக்கியில்லாமல் கிடங்குக்கு வந்துவிட்டது. பயத்தோடு வேடிக்கையும் சேர்ந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளுமா? பிள்ளையைத் தன் பார்வையிலேயே வைத்துக்கொள்ள, மாமியார் மருமகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆளுக்கொரு துணிப்பந்து கொடுத்தார்கள். கறுப்பு அங்கி போட்ட நடிகை நடுவில் மண்டியிட்டாள். கதையில் அவளைத்தான் ஊரே சூனியக்காரி என்கிறது. தாடிக்கார இயக்குநர் முன்னால் வந்தார்.

"இங்க பார்வையாளர்னு யாரும் இல்ல. நீங்கதான் ஊர். யாரைச் சூனியக்காரின்னு நினைக்கிறீங்களோ, அவங்க காலடியில பந்தை வைங்க."

எல்லோரும் நடிகையின் காலடியில் வைப்பார்கள், பிறகு அவள் எழுந்து பேசும் வசனத்தைக் கேட்டு வெட்கப்படுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு தெருவுக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னார்கள். சலவைக்கடைக்காரர் நடிகையைச் சுற்றிக்கொண்டு போய், சுவரோரம் நின்ற தையல்காரியின் காலடியில் பந்தை வைத்தார். அடுத்துப் பால்காரர். அவருக்குப் பின்னால் வரிசை.

மண்டியிட்ட நடிகை திகைத்துப் போய்த் திரும்பிப் பார்த்தாள். அவள் முன்னால் ஒரு பந்துகூட இல்லை.

தையல்காரி குனிந்து பார்த்தாள். எல்லாம் அவள் கடை வெட்டுத்துணியில் அவளே தைத்துக் கொடுத்த பந்துகள்.

மாமியாரும் தன் பங்கை வைத்துவிட்டு வந்தாள். "ம், நீயும் போ. கிட்டப் போயிடாத. இங்கருந்தே உருட்டிவிடு."

மருமகள் எழுந்தாள். தன் பந்தை மாமியார் கையில் வைத்து அழுத்தினாள்.

"இத நீங்களே வச்சுக்குங்க, அத்தை."

நடந்தாள். காலில் இடறிய பந்துகளை ஒதுக்கிக்கொண்டே போய், பிள்ளையை அக்காவின் கையில் கொடுத்தாள்.

"ஐயையோ, பிள்ளை!" என்று அலறினாள் மாமியார்.

"பாருடா, இவங்கதான் உன் பெரியம்மா," என்றாள் தாய்.

ஊசி பிடித்துப் பழகிய கை பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டது. பிள்ளை அந்தப் பூனைக்கண்ணை உற்றுப் பார்த்தது. பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "பிரமாதம்க்கா! ஒத்திகையில இப்படி ஒரு காட்சி வந்ததே இல்ல. நாளைக்கும் இதே இடத்துல வந்து நிப்பீங்களா? பிள்ளையும் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

தையல்காரி பிள்ளையின் தூக்கம் கலையாதபடி மெதுவாகச் சொன்னாள்:

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு தம்பி. பிள்ளைக்கு வேற சட்டை தைக்கணும். பந்தையெல்லாம் பொறுக்கி வச்சுக்குங்க. நாளைக்கும் இதே தெருதானே வரும்."