தெற்குக் கேலரி திரும்பி நின்ற ஆட்டம்

கோச் வினார்கோவை நீக்கிவிட்ட செய்தியை எங்கள் கால்பந்து அணியான பெர்ஸ்கா கிளப் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளியிட்டபோது, அவருடைய படத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டு, கீழே ‘நன்றி, கோச்’ என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர் கராங்வெருவில் பாதிப் பேர் அவர் இறந்துவிட்டதாக நினைத்து, துக்க வீட்டுக்குப் போகும் முறைப்படி அரிசியும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு அவருடைய வாடகை வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் அவர்தான். வந்தவர்களைப் பாயில் உட்கார வைத்து, அவர்கள் கொண்டுவந்த சர்க்கரையிலேயே டீ போட்டுக் கொடுத்தார்.

“நான் நல்லாத்தான் இருக்கேன். வேலை மட்டும்தான் போச்சு” என்றார். சர்க்கரையைத் திருப்பிக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

நீக்கியதற்குக் காரணம் ‘புத்துணர்ச்சி’ என்று கிளப் விளக்கம் சொன்னது. உண்மையிலேயே அணி மிகவும் சோர்ந்துதான் போயிருந்தது. அந்தப் பருவம் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால், கிளப் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக முதல் பிரிவுக்குப் போகும். இந்தச் சோர்வைப் போக்கத்தான் முதலாளி ஹர்தாந்தோ தன் மருமகனைப் புதிய கோச்சாக நியமித்தார். மருமகன் ஜிம் நடத்துகிறார். கைகள் பிரமாதமாக இருக்கும்.

ஊருக்குத் தெரிந்த காரணம் வேறு. போன ஆட்டத்தின் இடைவேளையில் முதலாளி உடைமாற்றும் அறைக்குள் வந்து, பந்தை இன்னும் பலமாக உதைக்கும்படி வீரர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். வினார்கோ அவரிடம், “ஐயா, கதவுக்கு அந்தப் பக்கம் நல்லா காத்து வரும்” என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

வினார்கோ வருவதற்கு முன் எங்கள் அணியிடம் ஒரே ஒரு உத்திதான் இருந்தது. பந்தை மேலே உதைத்துவிட்டு மிச்சத்தை ஆண்டவனிடம் ஒப்படைப்பது. இறால் பண்ணையில் வலை இழுத்தவர்களையும், படகுத்துறையில் மூட்டை தூக்கியவர்களையும் வைத்துக்கொண்டு, இரண்டே பருவத்தில் அவர் பந்தைத் தரையில் ஓட விட்டார். பந்து தரையில் ஓடும் என்பதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம்.

நாங்கள் என்றால் ஒருவரைத் தவிர. அவர் சாக் குஸ்னான். எங்கள் பக்கத்தில் அண்ணன்மாரை ‘சாக்’ என்றுதான் கூப்பிடுவது. குஸ்னான் எல்லோருக்கும் சாக், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட. காலையில் மீன் சந்தையில் ஏலம் கூறுவார். ஆட்ட நாளில் தெற்குக் கேலரியின் பாட்டுத் தலைவர். வேலிக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயில் கட்டிய மேடைமேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்று, முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை கையை ஆட்டிப் பாட வைப்பார். பத்து வருடத்துக்கு மேல் ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஒரு ஆட்டத்தையும் பார்த்ததுமில்லை. கோல் விழுந்தால் எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், “அது உங்க மூஞ்சி முதல்ல மலர்ந்து அப்புறம் வாடுமே, அதானே?” என்பார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காபிக் கடையில் கூட்டம் போட்டோம். டயர் கொளுத்தலாம் என்றார் ஒருவர். அவர் டயர் கடை வைத்திருப்பவர், பழைய டயர் நிறைய இருந்தது. ஆட்டத்துக்கே போகக் கூடாது என்றார் இன்னொருவர்.

“போகலன்னா வீட்ல உக்காந்து டிவியில பாப்பே. அது போராட்டமா, லீவா?” என்றாள் ரத்ரி. என்னோடு கல்லூரியில் படிப்பவள். கேலரியின் பெரிய டிரம் அவளுடையது. “போவோம். பாடுவோம். ஆனா அத்தனை பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிப்போம். தொண்ணூறு நிமிஷமும்.”

“கோல் விழுந்தா?”

“விழுந்தாலும்தான்.”

“நம்ம கோலா இருந்தா?”

“அதுக்குத்தான்டா போராட்டம்னு பேரு.”

குஸ்னான் காபியைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். “முதுகைக் காட்டி நிக்கறதுல என்னடா கஷ்டம்? நான் வருஷக்கணக்கா நிக்கலையா? ஒருத்தனும் திரும்பக் கூடாது. திரும்பினவன் அடுத்த பருவம் என் கேலரிக்கு வரக் கூடாது” என்றார். தீர்மானம் நிறைவேறியது.

அதில் இருந்த ஓட்டை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று பொறியியல் மாணவர்கள் அந்த மேசையில் இருந்தார்கள்.

ஞாயிறு மதியம் விசில் ஊதியதும் தெற்குக் கேலரி மொத்தமும் திரும்பியது. ஆறாயிரம் பேர் மைதானத்தை விட்டுக் கேலரியின் உச்சிச் சுவரைப் பார்த்து நின்றோம். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்திருக்கும். ஆனால் பாட்டு வரவில்லை. குஸ்னான் கீழே தன் மேடைமேல் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார், எங்களுக்குப் பின்னால்.

“சாக், என்ன பாட்டு?” என்று ரத்ரி சுவரைப் பார்த்தபடியே கத்தினாள்.

“கையைப் பாத்துத் தெரிஞ்சுக்கோ.”

“கை எங்க இருக்கு?”

பிறகு மேடையிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, படி படியாக, மூச்சு வாங்க, உச்சிச் சுவர்வரை ஏறிவந்தார். சுவரில் முதுகைச் சாய்த்து எங்களைப் பார்த்துத் திரும்பினார். கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

எங்கள் தலைக்கு மேலாக மைதானம் முழுவதும் அவருக்கு முன்னால் விரிந்து கிடந்தது.

“இவ்வளவு பச்சையாவா இருக்கும்” என்றார் மெதுவாக.

அவருக்குப் பக்கத்தில், ரத்ரியும் நானும் நின்ற உச்சிக்கு அடுத்த படியில், தொப்பியும் சாதாரணச் சட்டையுமாக ஒருவர் கையில் பயணப் பையோடு நின்றிருந்தார். அவரும் எல்லோரையும் போலச் சுவரைப் பார்த்தே நின்றார். முதலில் அடையாளம் கண்டவள் ரத்ரி.

“கோச்?”

“பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்தேன்” என்றார் வினார்கோ.

“ஐயோ கோச், நீங்க பாருங்க. இது உங்களுக்காக நாங்க பண்றது. உங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது.”

“எனக்காக ஆறாயிரம் பேர் பாக்காம நிக்கிறீங்க. நான் மட்டும் பாத்துக்கிட்டு நின்னா மரியாதையா?”

அவருடைய இரண்டு வருட உழைப்பு அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பினால் போதும். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான். பிறகு தயக்கமாக, “சாக், ஒண்ணே ஒண்ணு. இடது பக்கம் நம்ம பையன் எப்படி நிக்கிறான்?” என்றார்.

“நம்ம இடதா, அவங்க இடதா?”

“நம்ம இடது.”

“முடி செம்பட்டையா ஒருத்தன் நிக்கிறான். கோட்டுக்குப் பக்கத்துல. பூட்டின வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறான்.”

“ஏறிப் போகலையா?”

“எங்க ஏறணும்? ஏணி எதுவும் இல்லையே.”

இப்படித்தான் முதல் பாதி நடந்தது. ஆட்டத்தை முழுதும் புரிந்தவருக்குக் கண் இல்லை. கண் இருந்தவருக்கு ஆட்டம் தெரியாது. குஸ்னான் சொல்வதை உச்சி வரிசை கேட்டு அடுத்த வரிசைக்குச் சொல்லும், அது கீழே கீழே இறங்கி வேலிவரை போகும். ‘செம்பட்டை முடிக்காரன் சும்மா நிக்கிறான்’ என்று புறப்பட்ட செய்தி, வேலியை அடைந்தபோது அவனுக்குக் கால் முறிந்திருந்தது. கீழ் வரிசையில் இருவர் அவனுக்காகப் பிரார்த்தனை செய்தார்கள்.

பாட்டும் தடுமாறியது. “சாக், அடுத்த பாட்டு” என்று ரத்ரி கேட்டால், “இரு, பந்து நம்மகிட்ட இருக்கு” என்பார். இத்தனை வருடத்தில் அவர் பாட்டை நிறுத்தியது அன்றுதான்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மாறியது.

“செம்பட்டை இப்ப ஓடுறான். கோட்டை ஒட்டியே முன்னாடி போறான்.”

“யார் போகச் சொன்னது?” என்றார் வினார்கோ.

“யாரும் சொல்லல. முதலாளி மருமகன் வெளிய நின்னு ரெண்டு கையையும் ஆட்டி ‘வா வா’ங்கிறான். இவன் திரும்பியே பாக்கல. இப்ப இன்னொருத்தன், அந்தக் குட்டையன், அவனும் கேக்கல. நடுவுல ரெண்டு பேர் இடம் மாத்திக்கிட்டாங்க. பந்தை மேல உதைக்கறதையே விட்டுட்டாங்க கோச், தரையிலயே உருட்டுறாங்க.”

வினார்கோ பயணப் பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். மைதானத்தில் பதினொரு பேர் அவர்களுக்குத் தெரிந்த வழியில் திரும்பி நின்றுவிட்டார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது. ரத்ரி டிரம்மை அடித்த அடியில் ஒரு குச்சி முறிந்தது.

ஆனால் கோல் விழவில்லை. சமன் ஆனால் போதாது, ஜெயிக்க வேண்டும். தொண்ணூறாவது நிமிடம் வந்தது, கூடுதல் நேரம் ஐந்து நிமிடம் என்று ஒலிபெருக்கி சொன்னது. அப்போதுதான் சட்டச் சிக்கல் எழுந்தது.

“சாக், தொண்ணூறு முடிஞ்சுது. நாம தொண்ணூறுன்னுதானே சொன்னோம்? திரும்பலாம்ல?” என்றார் டயர் கடைக்காரர். நல்ல கேள்வி. கேலரி முழுக்கக் கழுத்துகள் துடித்தன.

குஸ்னான் கீழே வேலியைப் பார்த்தார். “வேலிக்கு அந்தப் பக்கம் முதலாளியோட போட்டோகிராபர் நிக்கிறான். கேமராவை இந்தப் பக்கம் வச்சுக்கிட்டுக் காத்திருக்கான். நாம திரும்பிக் குதிச்சா, நாளைக்கு ‘புதிய கோச், புத்துணர்ச்சி’ன்னு நம்ம மூஞ்சிதான் போஸ்டர்ல வரும்” என்றார். பிறகு வினார்கோவைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க கோச். நீங்க திரும்பினா நாங்களும் திரும்புறோம். உங்க பசங்க. உங்க கடைசி அஞ்சு நிமிஷம்” என்றார்.

எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை, பழைய வெற்றிலைக் கறையும் ஒரு செல்போன் நம்பரும்தான். அவர் முகத்தில் ஆசை இருந்தது. அதை மறைக்க அவர் முயற்சிகூடச் செய்யவில்லை.

“நான் இல்லாமலே ஆடத் தெரியுதான்னுதானே பாக்கணும்” என்றார் கடைசியில். “அப்ப நான் இல்லாமலே ஆடட்டும். நீங்க சொல்லுங்க சாக், எனக்கு அது போதும்.”

ஒருவரும் திரும்பவில்லை. பாட்டும் இல்லை. ஆறாயிரம் பேர் குஸ்னானின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் புருவம் ஏறியது. கழுத்து நீண்டது. எச்சில் விழுங்கினார். சந்தை முழுக்கக் கேட்கும் குரலை வைத்திருக்கும் மனிதர் வாயைத் திறந்தார், சத்தமே வரவில்லை. கண் இரண்டிலும் தண்ணீர் ததும்பியது. எங்கள் கிளப்பின் சரித்திரத்திலேயே பெரிய கோலை நாங்கள் அந்த முகத்தில்தான் பார்த்தோம். கிழக்குக் கேலரியின் இரைச்சல் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

குதித்தோம், கட்டிப்பிடித்தோம், டயர் கடைக்காரர் முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் ஏறினார். எல்லாம் சுவரைப் பார்த்தபடி. போட்டோகிராபருக்கு ஆறாயிரம் முதுகு கிடைத்தது.

“எப்படி வந்துச்சு?” என்று வினார்கோ கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

“செம்பட்டை மூலைவரைக்கும் போயிட்டான். போனவன் பின்னாடி தள்ளி விட்டான். ஒன்பதாம் நம்பர் ஓடிவந்து ஒரே அடி.”

“ஒன்பது இல்ல.”

“கோச், பாத்தது நான்.”

“ஒன்பது ரெண்டு பேரை இழுத்துக்கிட்டு முன்னாடி ஓடியிருப்பான். அவன் விட்ட இடத்துக்கு வந்தது பதினாலு.”

குஸ்னான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒருவன்மேல் ஒருவனாக விழுந்து கிடந்த குவியலைப் பார்த்தார். குவியல் பிரிந்து அடியில் கிடந்தவன் எழும்வரை காத்திருந்தார். பிறகு வினார்கோவைப் பார்த்த பார்வை, ஆட்டம் முழுக்க மைதானத்தைப் பார்த்த பார்வையைவிடப் பெரிதாக இருந்தது.

“பதினாலுதான்” என்றார்.

கடைசி விசில் ஊதியதும் எல்லோரும் திரும்பினோம். வழக்கப்படி வீரர்கள் எங்கள் வேலிக்கு வந்து தோளோடு தோள் கோத்துப் பாட நின்றார்கள். மேல் படியில் தொப்பியோடு நின்றவரை அவர்களில் யாரோ கவனித்திருக்க வேண்டும். பாட்டின் நடுவில் பதினாலாம் நம்பருக்கு வார்த்தை மறந்துபோனது.

முதலாளி அன்று மாலையே அறிக்கை விட்டார். புத்துணர்ச்சி வேலை செய்துவிட்டதாம்.

வினார்கோவைக் குஸ்னான் தன் மோட்டார் சைக்கிளில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். ரத்ரியும் நானும் பின்னாலேயே போனோம். வழி நெடுகக் குஸ்னான் அந்தக் கோலைச் சொல்லிக்கொண்டே போனார், கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும். சிக்னலில் பார்த்தபோது வினார்கோ பயணப் பையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

“சாக், ஆட்டம் பாத்தது எப்படி இருந்துச்சு?” என்றேன் பஸ் நிலையத்தில்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கவனம் ரொம்ப சிதறுது” என்றார். “அடுத்த பருவம் நான் பழைய இடத்துக்கே போயிடறேன்.”

ரத்ரி செல்போனை நீட்டினாள். கோலின் வீடியோ அதற்குள் வந்துவிட்டிருந்தது. வினார்கோ அதை வாங்கவில்லை.

“அது எங்கயும் போகாது, பஸ்ல பாத்துக்கறேன்” என்று படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னார். “சாக், நீங்க இன்னொரு தடவை சொல்லுங்க. மூலையிலேருந்து.”

குஸ்னான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏலக் குரலில் ஆரம்பித்தார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பின் சீட்டுல கேக்கலையாம்” என்றார்.