நூற்றில் ஐந்து

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பர்சன்ட் சார். கணக்கு வாத்தியார், வயது ஐம்பத்தொன்று. எதைப் பேசினாலும் நூற்றுக்கு எத்தனை என்று சொல்லாமல் வாய் மூடாது. அந்த வருடம் பதினோராம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பாடவேளை வந்தது. நாளை வேலைக்குப் போய்த் தனியாக நிற்கும்போது சம்பளத்தை எப்படித் திட்டமிடுவது என்று சொல்லித்தர வேண்டும். "உங்களை விட்டா யாரு சார் இருக்காங்க?" என்று தலைமை ஆசிரியை அதை அவர் தலையில் கட்டிவிட்டார்.

முதல் வாரம் படுதோல்வி. புத்தகத்தில் இருந்த மாதிரிக் குடும்பத்தைக் கரும்பலகையில் எழுதினார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லாம் பத்தின் மடங்கில் செலவு. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், இது டூப்பு. இப்படி எந்த வீடும் இல்ல" என்றான். வகுப்பே கொட்டாவி விட்டது.

நிஜமான கணக்கு வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வேறு யார் வீட்டு வரவுசெலவும் அவருக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் தன்னுடையதையே எடுத்தார். சம்பளத் தொகை தெரியாமலிருக்க எல்லாவற்றையும் நூற்றுக்கு என்று மாற்றி, பெயரில்லாமல் பிரதி எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார். தனி ஆள். வாடகை முப்பது, சாப்பாடு பதினாறு, பஸ் மூன்று, மின்சாரம் இரண்டு, மருந்து நான்கு. சேமிப்பு நாற்பத்தைந்து.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி வகுப்பு பிடித்துக்கொண்டது.

"நாப்பத்தஞ்சா! பயங்கரமான ஆளுப்பா."

"ஆளாவது! கஞ்ச மகாபிரபு. சினிமாவுக்குக் கூட ஒண்ணும் இல்ல பாரு."

"சார், இது உண்மையான ஆளா?"

"எனக்குத் தெரிஞ்சவர்" என்றார் அவர்.

ஜன்னலோரத்தில் ஒரு பெண் இருந்தாள். அவளாக வாய் திறந்து அவர் பார்த்ததில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாதி வாரம் பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும் என்று மட்டும் தெரியும். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"இவரு யாருக்காக சார் சேர்க்கிறாரு?"

"வயசான காலத்துக்கு. நாளைக்கு முடியாம போனா?"

"முடியாம போனா யாரு கூட இருப்பாங்க?"

"அதுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே."

"இன்சூரன்ஸ் வந்து பக்கத்துல உக்காருமா சார்?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு, இந்தக் கணக்கை உங்கள் இஷ்டப்படி திருத்தி எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரியர் அறையில் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒருவன் அவருக்கு பைக் வாங்கிக் கொடுத்திருந்தான். ஒருத்தி நாய் வளர்க்க வைத்திருந்தாள். இன்னொருவன் எங்கிருந்தோ ஒரு தங்கச்சியைக் கொண்டுவந்து அவளுக்கு மாதம் பத்து அனுப்பியிருந்தான். ஜன்னலோரத்துப் பெண் சேமிப்பில் ஐந்தை மட்டும் குறைத்து, அடியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: 'யாரையாவது சாப்பிடக் கூப்பிட'.

கூட்டல் சரி. அவர் டிக் அடித்தார். பேனா மூடியைத் தேடி எடுத்துப் போடுவதற்கு வெகுநேரம் ஆனது.

எதிர் நாற்காலியில் பௌதிக வாத்தியார் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக ஒரே மேஜை. மின்விசிறியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதற்கு மேல் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்களேன்" என்றார் பர்சன்ட் சார்.

பௌதிக வாத்தியார் நிமிர்ந்தார். "என்ன சார் விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

"அப்படியா... பார்க்கறேன் சார். வீட்டுல என்ன வேலை வச்சிருக்காங்களோ. முடிஞ்சா வந்துடறேன்."

முடிந்தால் வருகிறேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம் என்பது ஊருக்கே தெரியும். விருந்துக்கு அழைத்துப் பழகாத அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கி, மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினார். ஞாயிறு காலையிலேயே இரண்டு பேருக்குச் சமைத்தார். ஒரு மணி, ஒன்றரை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்த்தார். எல்லாம் மேல்மாடிக்காரர்கள். மூன்று மணிக்குத் தன் பங்கைச் சாப்பிட்டார். மீதியை மூடி வைத்து மறுநாளும் அதற்கு மறுநாளும் அதையே சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பௌதிக வாத்தியார் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இவரும் கேட்கவில்லை. ஆனால் புதன்கிழமை சாப்பாட்டு மணி அடித்தபோது பௌதிக வாத்தியாரே, "சார், அன்னிக்கு நிஜமாவே காத்திருந்தீங்களா?" என்று கேட்டார்.

"சமைச்சுட்டேன்."

பௌதிக வாத்தியாரின் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ. நீங்க சும்மா ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டீங்கன்னு நெனச்சுட்டேன் சார்."

அடுத்த ஞாயிறு வந்தார். புது நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகவே சாப்பிட்டார். ஸ்கூட்டர் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது, மகன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான், முழங்கால் வலி என்று நாற்பது நிமிடம் பேசினார். நடுநடுவே போனைப் பார்த்தார். பர்சன்ட் சார் பெரும்பாலும் தலையாட்டினார். சொல்ல நிறைய இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். வாய் வரைக்கும் ஒன்றும் வரவில்லை.

"அடுத்த தடவை ஏதாவது வாங்கிட்டு வரேன் சார், இன்னிக்கு வெறும் கையோட வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு பௌதிக வாத்தியார் இறங்கிப் போனார்.

அடுத்த தடவை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலிலேயே நின்றார். கீழே ஸ்கூட்டர் இரண்டு முறை முரண்டு பிடித்து, மூன்றாவது உதையில் கிளம்பித் தெருமுனை திரும்பியது. உள்ளே வந்தபோது வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது. இத்தனை நாள் இவ்வளவு அமைதியிலா இருந்தோம் என்று அப்போதுதான் அவர் காதில் பட்டது. ரேடியோவைப் போட்டுவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனார்.