கடுகு டப்பாவில் கார் சாவி

அரிகிருஷ்ணனுக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, நன்றாகவே எரிந்தது. எரியாதா பின்னே? முத்தியால்பேட்டையில் பதினெட்டு வருஷமாகக் கார்களுக்கு சென்ட்ரல் லாக்கும் அலாரமும் மாட்டிக் கொடுக்கிறவன் அவன். அந்தப் பக்கத்தில் பாதிக் கார்கள் அவன் கைபட்டுத்தான் கத்தக் கற்றுக்கொண்டன. அப்படிப்பட்டவன் வீட்டில் நிற்பது ஒரு பழைய ஸ்கூட்டர். அவனுடைய சகலை வினோத்குமார் வாங்கியிருப்பதோ, சாவியைப் போட்டுத் திருப்பவே வேண்டாத கார்!

வினோத்குமார், அரிகிருஷ்ணனின் மனைவி மேனகாவுக்குத் தங்கை புருஷன். பக்கத்திலேயே, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். கலைவாணியைக் கட்டிக்கொண்டு மாமியார் செல்வாம்பாள் வீட்டோடு இருக்கிறான். அந்த வீட்டில் ஒரு ஃபேன் நின்றால்கூட நேற்றுவரை அரிகிருஷ்ணனுக்குத்தான் போன் வரும். "பெரிய மாப்ளைய கூப்புடு, அவரு கை வெச்சா ஓடும்" என்பாள் செல்வாம்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடுவான் அவன்.

இரண்டாயிரத்து ஒன்பது தைப்பூசத்தன்று கார் வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது, தெருவே கூடி நின்றது. வினோத்குமார் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"பாத்துக்கோங்க, கையில ஒண்ணும் இல்ல. சாவி பாக்கெட்டுல இருந்தா போதும். கிட்ட போயி கைப்பிடிய தொட்டா கதவு தானா தொறந்துக்கும்."

தொட்டான், திறந்தது. தெருவே 'ஆ' என்றது. எல்லோரும் முறை போட்டுக்கொண்டு ஏறி இறங்கினார்கள். மேனகா ஏறப் போனபோது கலைவாணி, "அக்கா, செருப்ப கழட்டிட்டு ஏறுக்கா, கீழ போட்ட மேட்டு புதுசு" என்றாள். மேனகா சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். ஏறி உட்கார்ந்து, ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டாள்.

செல்வாம்பாள் சாவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கல்யாணத்தில் மணமகனுக்கு வைக்கிற மாதிரி தாராளமாகவே வைத்தாள். "புது வண்டி. ஒரு மண்டலம் சாவி சாமிகிட்டதான் இருக்கணும். வெளிய எடுத்துட்டு போனா, வந்ததும் மாடத்துல வெச்சுடணும்" என்று உத்தரவு போட்டாள். முன்னறையில், தெருப்பக்கச் சுவரில் இருக்கிற சாமி மாடத்தில் முருகன் காலடியில் சாவி போய் உட்கார்ந்தது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அரிகிருஷ்ணன் மட்டும் வெளியே வந்தான். குறுகிய தெரு. போகிற வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டுமென்று காரைச் சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். பளபளவென்று நின்றது சனியன். யாரும் பார்க்கவில்லையே என்று சுவர்ப்பக்கத்துக் கதவின் கைப்பிடியை ஒரு விரலால் தடவினான்.

'டக்.' பூட்டு திறந்துகொண்டது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடியே விஷயம் புரிந்தும் விட்டது. சென்னையில் அலாரம் கம்பெனிக்காரர்கள் நடத்திய இரண்டு நாள் வகுப்பில் இதைத்தான் சொன்னார்கள். சாவியும் காரும் ஓயாமல் பேசிக்கொள்ளும். சாவி ஒரு எட்டுத் தூரத்துக்குள் இருந்தால், தொடுகிறவன் யாரென்று கார் பார்க்காது, திறந்துவிடும். வெளிநாட்டில் சில பேர், வீட்டுக்குள் இருக்கிற சாவியின் பேச்சை வெளியே இழுத்துக் கொடுக்கிற கருவியே செய்துவிட்டார்களாம். இங்கே அந்தக் கருவிகூட வேண்டாம். ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் முருகன் காலடியில் சாவி. கார் ராத்திரி பகலாகத் திறந்தே கிடக்கப் போகிறது!

வகுப்பில் மருந்தும் சொல்லித்தான் அனுப்பினார்கள். மூடி இறுக்கமான உலோக டப்பாவில் சாவியைப் போட்டால் பேச்சு நின்றுவிடும். வகுப்பு முடிந்து வந்த அன்றே மேனகாவிடம் இதை ஆசையாகச் சொன்னான். "கார் இருக்கறவங்களுக்குல்ல அந்த கவல" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவன் அடுப்படி அலமாரியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தான். உள்ளே இருந்த கடுகை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, டப்பாவை டூல்ஸ் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டு, மத்தியானம் மாமியார் வீட்டுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை மாதிரி எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வினோத்குமாரும் மாடியில் தூங்கினான். அரிகிருஷ்ணன் மாடத்துச் சாவியை டப்பாவில் போட்டு மூடினான், வெளியே போய்க் கைப்பிடியைத் தொட்டான். திறக்கவில்லை. சாவியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போய்த் தொட்டான். திறந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்ன மாப்பிள்ளை வாங்கிய பெரிய காரில் பெரிய மாப்பிள்ளை கண்டுபிடித்த ஓட்டை! எல்லோரையும் எழுப்பிக் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் வினோத்குமார் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கி வந்தான். டூல்ஸ் பையோடு கார் பக்கத்தில் நின்ற சகலையைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, அண்ணே, தயவு செஞ்சு அதுல கைய வெச்சுடாதீங்க. இது நீங்க மாட்டற நாட்டு அலாரம் இல்ல. கம்பெனி ஆளு தவிர வேற யாராச்சும் தொட்டா வாரண்டி போயிடும்."

பின்னால் காப்பி டம்ளரோடு நின்ற செல்வாம்பாளும், "ஆமா மாப்ள, இது வேற மாதிரி வண்டியாம்ல" என்றாள்.

அவ்வளவுதான். நாட்டு அலாரமா? அரிகிருஷ்ணனுக்குக் காதெல்லாம் சூடேறியது. "நான் சும்மா பாத்தேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். டப்பாவும் பையோடு போயிற்று. காப்பி குடிக்கவில்லை.

சொல்ல மாட்டேன் என்று அவன் சத்தியமெல்லாம் செய்யவில்லை. கேட்கட்டும், சொல்கிறேன். 'அண்ணே, இத கொஞ்சம் பாருங்கண்ணே' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்கட்டும், அந்த நிமிஷமே சொல்கிறேன். இதில் என்ன தப்பு? இப்படித்தான் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். பொறாமை பிடித்தவனுக்குச் சமாதானம் கிடைப்பதா கஷ்டம்!

கேட்பார் யாரும் இல்லை. தினமும் கடைக்குப் போகிற வழியில் அந்தத் தெருவுக்குள் ஸ்கூட்டரை விட்டான். கார் அதே சுவரோரம் நிற்கும். வினோத்குமாரின் ஆபீஸ் லேப்டாப் பை சில நாள் பின்சீட்டிலேயே கிடக்கும். புது பம்பின் டிராயிங் எல்லாம் அதற்குள் இருக்கிறதாம், கையெழுத்துப் போட்டுத்தான் வீட்டுக்கு எடுத்து வருகிறானாம். இதையும் வினோத்குமாரே பெருமையாகச் சொன்னதுதான். அதைப் பார்க்கிற அன்றைக்கெல்லாம் அரிகிருஷ்ணனுக்கு மனசு அடித்துக்கொள்ளும். சொல்லிவிடலாமா? கால் பிரேக்குக்குப் போகும். அந்த நேரம் பார்த்து 'நாட்டு அலாரம்' ஞாபகம் வரும். கால் திரும்பிவிடும்.

மாசி மகம் வந்தது. வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஊர் ஊராகச் சாமி வந்து இறங்கும் நாள். வண்டி எதுவும் அந்தப் பக்கம் நுழைய முடியாது. இரண்டு குடும்பமும் செல்வாம்பாள் வீட்டில் கூடி நடந்தே போனார்கள். கிளம்பும்போது அரிகிருஷ்ணன் பின்சீட்டைப் பார்த்தான். பை இருந்தது. பக்கத்தில் நடந்த மேனகாவும் அந்தப் பையைப் பார்த்தாள். முன்னால் போன கலைவாணி தெருக்காரி ஒருத்தியிடம், "கார்ல போயிருக்கலாம், இந்த கூட்டத்துல எங்க வுடறது" என்று அலுத்துக்கொண்டாள். அரிகிருஷ்ணன் வாயை மூடிக்கொண்டு நடந்தான். அன்றைக்கு அவன் சாமியை ஒழுங்காகக் கும்பிடக்கூட இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கார் இருந்தது, பை இல்லை.

வினோத்குமார் பேயறைந்தவன்போலத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். கம்பெனிக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொன்னான். போனை வைத்துவிட்டு, "நாளைலேர்ந்து வர வேணான்னுட்டாங்க. டிராயிங் வெளிய போயிருந்தா வேலையே போயிடும்" என்றான். கலைவாணி பெருங்குரலெடுத்து அழுதாள்.

ஹெட்கான்ஸ்டபிள் தணிகாசலம் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கண்ணாடி ஒடையல, பூட்டு ஒடையல. பூட்டு வேல தெரிஞ்ச ஆளுதான் இத செஞ்சிருக்கான். ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளு அப்படி யாராச்சும் இருக்கானா?"

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோர் கண்ணும் அரிகிருஷ்ணன் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

வினோத்குமார் சட்டென்று எழுந்தான். "சார், இவுரு எங்க சகலை. சாயங்காலம் வரைக்கும் எங்ககூடதான் கடக்கரைல இருந்தாரு. இவருக்கு இதுல ஒரு ஓட்ட இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே என் தலைல குட்டி சொல்லிருப்பாரு. எங்க வீட்டு பொருளு மேல அவருக்கு அவ்ளோ அக்கற." அப்புறம் அரிகிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். குரல் உடைந்துவிட்டது. "அண்ணே, நீங்களே இத கொஞ்சம் பாருங்கண்ணே."

முப்பது நாளாகக் காத்திருந்த வார்த்தை. வந்தே விட்டது. அரிகிருஷ்ணனுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

என்ன செய்வான்? மாடத்தில் சாவி இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது. வெளியே வந்து கைப்பிடியைத் தொட்டான், திறந்தது. ஸ்கூட்டரில் மாட்டியிருந்த டூல்ஸ் பையிலிருந்து டப்பாவை எடுத்துச் சாவியை உள்ளே போட்டு மூடிவிட்டு வந்து தொட்டான். திறக்கவில்லை. நடந்ததை ஏட்டுக்கு விளக்கினான். போகிற போக்கில் ஒவ்வொரு கைப்பிடியாகத் தொட்டுப் பார்க்கிற திருடனுக்கு இது ஒன்றே போதும் என்றான். தணிகாசலம் வாயைப் பிளந்தார்.

"என்னா மூள பாருங்க! ரெண்டு நிமிசத்துல கண்டுபுடிச்சுட்டாரே."

"எங்க பெரிய மாப்ள கை வெச்சா சும்மாவா?" என்று செல்வாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாய் 'மேனகா' என்று பெயர் வெட்டியிருந்தது. "அட, இது நான் இவ கல்யாணத்துக்கு வாங்குனது. எப்ப எடுத்தாந்தீங்க மாப்ள?"

"இப்பதான்... கடைல கெடந்துச்சு" என்றான் அரிகிருஷ்ணன். மேனகாவின் பக்கம் அவன் திரும்பவில்லை.

"நான்தான் மடையன். அன்னைக்கு அண்ணன் பையோட வந்து நின்னாரு, தொடாதீங்கன்னு தொரத்துனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான் வினோத்குமார். அவனைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அரிகிருஷ்ணன் எத்தனை ராத்திரி இப்படி ஒரு காட்சியை நினைத்து நினைத்து ரசித்திருப்பான்! இப்போது நேரில் பார்க்க முடியவில்லை.

உழவர்கரையில் இருக்கிற தங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பினார்கள். வாசலில் இறங்கியதும் மேனகா சொன்னாள்.

"என் கடுகு டப்பா தைப்பூசத்துக்கு மறுநாள்லேர்ந்து காணோம்."

அவன் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நின்றான்.

"அன்னைக்கு ராத்திரி உங்க பையில சாப்பாட்டு கேரியர எடுக்கறப்போ பாத்தேன். மூடிய தொறந்தா உள்ளல்லாம் குங்குமம். எங்கம்மா சாவிக்கு வெச்ச குங்குமம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. டப்பா பையோடயே திரும்பி வந்ததுல, நீங்க சொல்லாம வந்துட்டீங்கன்னும் தெரிஞ்சுபோச்சு."

தன்னைக் காறித் துப்புவாள், இல்லை நாளைக்கே தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தான். எதற்கும் தயாராகத்தான் நின்றான்.

"தெரிஞ்சும் ஏன் மேனகா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

மேனகா குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"கேட்டிருந்தா, நீங்க போயி சொல்லிருப்பீங்க" என்றாள்.