சம்மதக் கட்டம்

நாடகக் குழுவில் அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நர்ஸ் இல்லை. ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களைக் காக்க வைத்தால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் காலை ஐந்தரைக்கே வேலையில் நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல, அங்கே நாற்காலி நோயாளிக்கு மட்டும்தான். ஒரு நாளைக்கு அறுபது எழுபது கை. ரப்பர் பட்டையை இறுக்கி, நரம்பைத் தட்டித் தேடி, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று அறுபது எழுபது தரம் பொய் சொல்லி முடிப்பதற்குள் மதியம் இரண்டாகிவிடும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் கால் தன்னுடையதுதானா என்று சந்தேகம் வரும்.

இப்படிப்பட்டவள் எதற்காக மேடை ஏற வேண்டும் என்று கேட்டால், அவளுடைய நாத்தனாரும் அதையேதான் கேட்டாள். நாத்தனார் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவள், தையல்காரி. கத்திரிக்கோலைக் கீழே வைத்தாலும் வாயைக் கீழே வைக்க மாட்டாள்.

"போன வருஷம் கப்பல் கூட்டத்துல ஒருத்தியா நின்ன. அதுக்கு முந்தி மரமா நின்ன. அதுக்கும் முந்தி எதுவா நின்னேன்னு எனக்கே மறந்து போச்சு. உன்ன எங்கன்னு தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள திரை விழுந்துடுது. லேப்ல நிக்கறது பத்தாதுன்னு காசு வாங்காம அங்கயும் போய் நிக்கற."

பதினோரு வருஷமாக நிற்கிறாள். வருஷத்துக்கு மூன்று இசை நாடகம். குழுவில் யாருக்கும் இது தொழில் இல்லை. டைரக்டர் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கீபோர்டு வாசிப்பவர் பல் டாக்டர். ஒத்திகை நடப்பது ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில். அங்கே ஒரு மணி நேரம் பாடினால் பாட்டு பாதி, தின்னர் வாசனை பாதி என்று நெஞ்சு நிறைந்துவிடும்.

மூன்று நாடகத்துக்கும் சேர்த்து வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை குரல் தேர்வு வைப்பார்கள். வருகிறவர்கள் முதலில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். எந்த நாடகம், எந்த வேடம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கேட்ட வேடம் கிடைக்காவிட்டால் கோரஸில் சேரச் சம்மதம் என்றால் அதில் டிக் போட வேண்டும். பதினோரு வருஷமும் அவள் ஏதாவது ஒரு வேடம் கேட்டு எழுதியிருக்கிறாள். பதினோரு வருஷமும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறாள். போடாமல் இருந்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

வேடம் கிடைக்காததற்குக் காரணம் அவள் மோசமாகப் பாடுகிறாள் என்பதல்ல. அதுதான் விஷயமே. கோரஸில் இருபது பேர் நின்றாலும் பாட்டைச் சரியான இடத்தில் பிடித்து எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் மூச்சை இழுப்பது பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்கும், அவளைப் பார்த்து அடுத்தவள் வாய் திறப்பாள், அப்படியே வரிசை முழுக்கப் பாட்டு தொற்றிக்கொள்ளும். "சிஸ்டர எடுத்துட்டா கோரஸ் படுத்துடும்" என்று டைரக்டர் வருஷா வருஷம் எல்லோர் முன்னாலும் சொல்லுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அவளும் கூச்சத்தோடு சிரித்துக்கொள்வாள். பாராட்டு என்று நினைத்து எத்தனை வருஷம் சிரித்தாள் என்று கணக்குப் பார்த்தால் அவளுக்கே எரிச்சலாக இருக்கும்.

இந்த வருஷம் இரண்டாவது நாடகத்தில் ஒரு வேடம் இருந்தது. படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவள். கதாநாயகி இல்லை, கதாநாயகியின் அம்மாகூட இல்லை. முதல் பாதியில் இரண்டு வசனம். இரண்டாம் பாதியில் போன படகு திரும்பி வராதபோது, துறையில் தனியாக நின்றுகொண்டு ஒரு பாட்டு. நாலு நிமிஷம். மேடையில் வேறு ஆளே கிடையாது. அந்த நாலு நிமிஷம்தான் அவளுக்கு வேண்டும். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

பாட்டை மூன்று வாரம் பழகினாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக், பேச்சுக்குத் தனிக் கூலி கேட்கிற ஆள். அவர்கூட ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்த நடு எடத்துல இன்னும் கொஞ்சம் நிதானமாப் போ" என்றார். நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டு முழுப் பாட்டையும் கேட்டாள். கேட்டு முடித்து, "இந்தத் தடவ அந்தக் கட்டத்துல டிக் போட்ட, நான் உன் கூடப் பேச மாட்டேன்" என்றாள்.

"பேசலன்னா நிம்மதிதானே."

"சிரிக்காத. நான் நெசமாத்தான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் டிக் போடவில்லை. மாடிப்படியில் சுவரோடு ஒதுங்கி நின்று, விண்ணப்பத்தைச் சுவரில் அழுத்தி எழுதினாள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா அங்கேயே நின்றது. பின்னால் நின்ற பையன், "முடிச்சுட்டீங்களா?" என்றான். முடித்துவிட்டேன் என்று கொடுத்துவிட்டாள். கை வியர்த்திருந்தது. வேலையில் அவளுக்குக் கை வியர்த்ததே கிடையாது.

நன்றாகப் பாடினாள். அது அவளுக்கே தெரிந்தது. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நல்லா இருந்துச்சு சிஸ்டர்" என்றார். அவள் படியிறங்கி வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கால் வலி மறந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை பட்டியல் போனில் வந்தது. ஒருவருக்கு ரத்தம் எடுத்து முடித்து, அடுத்தவர் சட்டைக் கையை மடிப்பதற்குள் பார்த்தாள். சீட்டுக் கிழிப்பவள் வேடம் பேங்கில் கேஷியராக இருக்கும் ஒரு புதுப் பெண்ணுக்குப் போயிருந்தது. அவளுடைய பெயர் எப்போதும் போலக் கோரஸில் முதலாவதாக இருந்தது. அடுத்தவருக்கு இரண்டு தரம் குத்த வேண்டியதாகிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வேடம் கிடைக்காததுகூட அவளுக்குப் பழக்கம்தான். கோரஸில் எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் புரியவில்லை. ஒருவேளை பழக்க தோஷத்தில் தானே டிக் போட்டுவிட்டோமா என்று இரண்டு நாள் தன்னையே சந்தேகப்பட்டாள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல் ஒத்திகை. அவள் நாலரைக்கே மாடிக்குப் போனாள். டைரக்டர் தனியாக நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்து வைத்தார்.

"வாங்க சிஸ்டர். உக்காருங்க. ரொம்ப அசந்து தெரியறீங்களே."

"சார், என் விண்ணப்பத்த ஒரு தடவ பாக்கலாமா?"

அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கோப்பைப் புரட்டி எடுத்துக் கொடுத்தார். அவள் எழுத்தெல்லாம் நீல மையில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் இருந்த டிக் மட்டும் சிவப்பு. கணக்கு வாத்தியார் விடைத்தாளில் போடுவதுபோல வாலை நீட்டிப் போட்ட டிக்.

"இது நான் போட்டதில்லயே சார்."

"ஆமா, நான்தான் போட்டேன். அவசரத்துல விட்டுட்டீங்க. டிக் இல்லன்னா செயலாளர் எடுத்துத் தனியா வச்சிடுவாரு. அதான் பாத்த உடனே போட்டுட்டேன்."

"விட்டுப் போகல சார். வேணும்னுதான் போடல."

அவர் தாளைத் திருப்பி வாங்கி அந்தக் கட்டத்தை இன்னொரு தரம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று நாள் வந்து உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் அவளுக்கு அவரிடம் கத்தவும் வரவில்லை.

"நான் அன்னிக்குப் பாடினது நல்லா இல்லயா சார்? உள்ளதச் சொல்லுங்க."

"நல்லா இருந்துச்சு. அந்தப் பொண்ண விடவே நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்." அவர் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் கட்டத்துக்குப் பக்கத்தில், 'இந்த வேடம் மட்டும்தான், வேறு எதற்கும் வர இயலாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "பாருங்க. குடுக்கலன்னா இவ போயிடுவா. நல்ல குரல், விட மனசு வரல. நீங்கன்னா நம்ம ஆளு. நீங்க எங்க போயிடப் போறீங்க?"

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. லேபில் மூத்தவரும் இப்படித்தான் சொல்லுவார், லீவு கேட்கும்போதெல்லாம். வீட்டிலும் யாராவது எதையாவது அவள் தலையில் கட்டும்போது இதே வார்த்தைதான். எங்கேயும் போகமாட்டாள் என்று தெரிந்துகொள்ள இவர்களுக்கெல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

"நான் இந்த வருஷம் இல்ல சார்" என்றாள்.

"சிஸ்டர், கோபத்துல சொல்லாதீங்க. கோரஸ் படுத்துடும்."

"கோபமில்ல சார். அசதி."

சொன்னது உண்மை. விலகுவதற்குக் கையெழுத்து எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே கோரஸ் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறி வந்தார்கள். "என்ன சிஸ்டர், இறங்கறீங்க?" என்றாள் ஒருத்தி. "பஸ்ஸுக்கு" என்றாள். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கீழே நிற்க இடமில்லை, பெயிண்ட் கடையில் லாரி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கால் விட்டுப்போனது, அவ்வளவுதான். ஒட்டுக் கேட்க வேண்டும் என்று உட்காரவில்லை.

ஆனால் மேலே கீபோர்டு ஆரம்பித்ததும் காது தானாகவே அங்கே போனது. இந்த வருஷத்து முதல் நாடகம் ஏற்கெனவே போட்டதுதான், அதன் கோரஸ் அவளுக்கு மனப்பாடம். எட்டுத் தாள அடி இசை, பிறகு எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டும். எடுக்கும் இடம் வந்தபோது அவள் மூச்சை இழுத்தாள். மேலே ஒருத்தி முன்னால் ஓடினாள், இரண்டு பேர் பின்னால் இழுத்தார்கள், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. பாட்டு சிதறி நின்றது. யாரோ சிரித்தார்கள்.

உள்ளதைச் சொன்னால், அவளுக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இப்போது டைரக்டர் கதவைத் திறந்துகொண்டு வருவார், என்ன சொல்லலாம் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

கதவு திறக்கவில்லை. டைரக்டர் கைதட்டி எண்ணிக் காட்டினார். மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை அரை அடி தாமதம், ஆனால் சேர்ந்து வந்தார்கள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. நாலாவது தடவை நன்றாகவே வந்தது. அவள் எப்போதும் தாங்கிப் பிடிக்கிற அந்த மேல் ஸ்தாயி இடத்தில் வேறு யாரோ ஒரு பெண் நின்றாள், கொஞ்சம் மெல்லிசான குரல், ஆனால் நின்றாள். கோரஸ் படுக்கவில்லை. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் படியில் உட்கார்ந்தபடி முழுப் பாட்டையும் கேட்டாள். இதை வெளியே இருந்து கேட்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது.

கதவு திறந்தது. பல் டாக்டர் தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்துவிட்டு இரண்டு படி இறங்கி வந்தார்.

"இன்னும் போகலயா சிஸ்டர்?"

"பஸ் வரல."

"சார் விஷயத்தச் சொன்னாரு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு." அவர் பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினார். நல்ல மனிதர், ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று பார்த்தார். "எங்கள நெனச்சுக் கவலப்படாதீங்க. கேட்டீங்கல்ல? நீங்க இல்லாமலே சமாளிச்சுட்டாங்க. நல்லாத்தான் வருது."

"ஆமா டாக்டர். நல்லாத்தான் வருது."

"அப்புறம் என்ன. நிம்மதியாப் போய் ரெஸ்ட் எடுங்க."

அவள் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள்.

"நல்லா வருதுன்னா, இந்தப் பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது எனக்குத் தனியாப் பாடக் குடுத்திருக்கலாமே டாக்டர்."

அவர் பாட்டிலைப் பார்த்தார். உள்ளேயிருந்து டைரக்டர் கூப்பிட்டார். "இதோ வரேன்" என்று அவர் உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்றார். அவள் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள்.