இஞ்சி மிட்டாயும் அப்பாவின் கனமும்

எங்கள் ஊரில் துக்கத்தை ரேஷன் கடைத் தராசில் எடை போடுவார்கள். தோள் தாங்காத சனிக்கிழமைகளில் மட்டும்தான் போவோம். லேசான நாளில் யார் போய் வரிசையில் நிற்பது?

தராசுக்காரர் குருவையா யாரையும் விடமாட்டார். "அண்ணாச்சி, இதுல பாதி மழைத்தண்ணி. வடிய விட்டுக் கொண்டாங்க."

ஆராய்ச்சிக்காக வந்திருந்த ஜெசிந்தா அக்கா, அதிகக் கனத்தோடு வந்தவர்களுக்கெல்லாம் தான் காய்ச்சிய இஞ்சி மிட்டாய் கொடுத்தாள். மறு வாரம் கூப்பிட்டு எடை போட்டபோது எல்லாருக்கும் குறைந்திருந்தது. என் அப்பாவுக்கு மட்டும் இல்லை. அம்மா இறந்ததிலிருந்து அவருடையது இம்மியும் அசையவில்லை.

"அவருக்கு ரெண்டு மிட்டாயா குடுங்கக்கா" என்று கெஞ்சினேன். கொடுத்தாள். அசையவில்லை.

எனக்கு யார் குரலும் அப்படியே வரும். கடுப்பில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய், குருவையா குரலில் கேட்டேன்: "ஏம்மா, மிட்டாய் திங்காதவனையும் நிறுத்துப் பாத்தியா?"

"பாக்கலியே அண்ணாச்சி" என்றாள் அக்கா. தான்தான் கேட்டோம் என்று நினைத்துக் குருவையாவும் தலையாட்டிக்கொண்டார்.

அடுத்து வந்த கனக்காரர்களுக்குச் சீட்டுக் குலுக்கினாள். பாதிப் பேருக்கு மிட்டாய், பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. மறு வாரம் இரண்டு பாதியும் ஒரே மாதிரி குறைந்திருந்தன.

"மோசமான நாளாப் பாத்துத்தான் வர்றீங்க. அடுத்த வாரம் அவங்கவங்க வழக்கமான கனத்துக்குத் திரும்பிடுறீங்க. மிட்டாய் ஒண்ணும் பண்ணல" என்றாள்.

"அப்பா?"

"உங்க அப்பாவுக்கு அது மோசமான நாள் இல்ல கோமு. வழக்கமே அதுதான்."

மிச்ச மிட்டாயை எறும்புகளுக்குப் போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா துக்கத்தை இறக்கும்போது, பின்னால் நின்று அம்மா குரலில் சொன்னேன்: "மெதுவா இறக்குங்க. இடுப்புப் பிடிச்சுக்கப் போகுது."

"சரிடி" என்றார், திரும்பாமல். முள் கொஞ்சம் இறங்கியது.

நான் குதித்தேன். அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரு தடவைய நம்ப முடியாதுடி. சில வாரம் பேசு, சில வாரம் பேசாத. எந்த வாரம்னு சீட்டுச் சொல்லும்."

முதல் சீட்டில் பேசாதே என்று வந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். அப்பா இறக்கி வைத்துவிட்டு அம்மா குரலுக்காகக் காத்திருந்தார்.

தட்டில் இருந்த துக்கம் என் குரலில், "அப்பா, பசிக்குது. வீட்டுக்குப் போலாம்" என்றது.

அக்கா எடையைக் குறித்துக்கொண்டாள். அப்பா துக்கத்தைத் தூக்கி சைக்கிளின் முன்கம்பியில், துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்தார். நான் பின்னால் கேரியரில் ஏறிக்கொண்டேன்.