கேட்ட இடத்துக்குக் கூட்டிப்போன கட்டம்

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதம், பழங்காநத்தம் இம்மானுவேல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பரவை மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் என்ன விலை என்று தட்டிய கண்ணுச்சாமி, என்டரை அமுக்கிய விரலை எடுப்பதற்குள் பரவை மார்க்கெட்டில் ஒரு வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. மார்க்கெட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மூட்டைக்காரர் மட்டும், "அண்ணே, எறங்கி நின்னு யோசிங்க, சரக்கு நசுங்குது" என்றார். வெங்காயம் அன்றைக்குக் கிலோ பன்னிரண்டு ரூபாய். கண்ணுச்சாமி டவுன் பஸ் பிடித்து வெறுங்காலோடு திரும்பி வந்து, சென்டர் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, "விலை சரியாத்தேன் சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். போய்ப் படுத்தவருக்குக் காய்ச்சல் ஒரு மாதம் அடித்தது. அவர் நெற்றியில் வைத்த ஈரத்துணி தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி சுர்ரென்று காய்ந்ததாகப் பக்கத்து வீட்டில் சாட்சி உண்டு. அதற்குப் பிறகு அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

கண்ணுச்சாமி விலையைத் தட்டிய அந்தக் கட்டத்தைச் செய்தவன் கிரிதரன். சௌராஷ்ட்ரக் குடும்பத்துப் பிள்ளை, சிவந்த ஒல்லி ஆள், பல்லிக்குக்கூடப் பயப்படுவான். நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, தென்மாவட்டத்துப் பிரவுசிங் சென்டர்களுக்கென்று தனியாக ஒரு பிரவுசர் செய்துகொண்டிருந்தான். அந்தக் காலத்துப் பிரவுசர்களில் மேலே இரண்டு கட்டங்கள் இருக்கும். நீளமானதில் முகவரியைத் தட்டினால் அந்தப் பக்கத்துக்குப் போகும். ஓரத்தில் இருக்கும் குட்டிக் கட்டத்தில் கேள்வியைத் தட்டினால் தேடித் தரும். பழங்காநத்தத்து ஜனம் ஒரு நாளாவது சரியான கட்டத்தில் சரியானதைத் தட்டியது கிடையாது. முகவரிக் கட்டத்தில் ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று கீபோர்டைக் குத்துவார்கள். "மாப்ள, ரெண்டையும் சேத்து ஒண்ணாப் போட்டுத் தொலையேன். கீபோர்டு வாங்கி மாளல" என்று இம்மானுவேல் பார்க்கும்போதெல்லாம் கெஞ்சினார்.

கேட்பது வேறு, போவது வேறு. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் எப்படி அடைப்பது என்று கிரிதரன் ஒரு வருஷம் மண்டையை உடைத்தான். விடை ஒரு பல்வலியில் வந்தது. பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் டீ மாஸ்டர் பால்பாண்டியிடம் பல் டாக்டர் வீட்டுக்கு வழி கேட்டான். மதுரையில் வழி கேட்டவனுக்கு யாராவது வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்களா? பால்பாண்டி பொங்குகிற பாலை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, டாக்டர் வீட்டு வாசல்வரை கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போனார். வருகிற வழியெல்லாம் எந்தப் பல்லு, எம்புட்டு நாளா வலி, வீட்டம்மா என்ன ஊரு, ராத்திரி என்ன சாப்பாடு என்று குடைந்து எடுத்தார். கிரிதரன் கூச்சத்தில் நெளிந்தாலும் அவன் மூளை விழித்துக்கொண்டது: கேட்டால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், அதுதான் மரியாதை. அதையே விதியாக வைத்துக் கட்டத்தை எழுதினான். கேள்வி கேட்டுக் குடைவதை மட்டும், அது நாகரிகமில்லை என்று, விட்டுவிட்டான். அதற்கு மேல் சொந்த யோசனையாக ஒன்றைச் சேர்த்தான். முதல் எழுத்தைத் தட்டிவிட்டு யாராவது தயங்கினால், அந்த எழுத்தில் ஊரில் அதிகம் பேர் கேட்டது எதுவோ, அதுதான் இவருக்கும் வேண்டும் என்று கட்டமே ஊகித்துக்கொள்ளும்.

கண்ணுச்சாமிக்கு அடுத்து எஸ்தர் டீச்சர். பைபிள் வசனம் ஒன்றைத் தேட உட்கார்ந்தவர், முதல் எழுத்தான 'ப'வைத் தட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து மாட்டிப் பார்த்தால் பழனிமலைப் படிக்கட்டில் நிற்கிறார். வெறுங்கால் என்பதால் கூட்டத்தில் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. பஞ்சாமிர்த டப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர், டப்பாவை இம்மானுவேல் மேஜையில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு டைப்ரைட்டரைக்கூடத் தொடவில்லை. ஒரு காலேஜ் பையன் ஒரு பெண்ணின் பெயரைத் தட்டி, அவள் வீட்டு அடுப்படியில், அவள் அப்பாவுக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவில் போய் நின்றான். அவன் நேராக வீடு திரும்பவில்லை. வழியில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் தங்கினான்.

சென்டரில் ஏ.சி. இருந்ததால், 'செருப்பை வெளியே விடவும்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். போனவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு போனார்கள், திரும்பி வந்து செருப்பை எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் ஒரு ஜோடி எடுக்கப்படாமல் கிடந்தது. நீல வார் ரப்பர் செருப்பு. மழை ஓயாத ஒரு பகலில் யாரோ தாடிக்காரன் வந்து ஓரத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான் என்பது மட்டும்தான் இம்மானுவேலுக்கு நினைவிருந்தது. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. மற்ற செருப்புகளெல்லாம் தாமாகவே அந்த ஜோடியை விட்டு விலகிக் கிடந்தன. தெருவில் ஜனம் எதிர்ச்சாரிக்குத் தாவி நடந்தது. இம்மானுவேல் அதன் பக்கத்தில் தினமும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்.

கிரிதரனுக்குச் சோறு இறங்கவில்லை. போனவன் கடலில் விழுந்தானா, ரயிலுக்கு முன்னால் நின்றானா? கட்டத்தைப் பழையபடி இரண்டாக வெட்டிவிட்டுப் படுப்பான். விடிந்து பார்த்தால், தட்டில் தெறித்த இரண்டு நீர்த்துளி மாதிரி இரண்டும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்காரக்கூட அவனுக்கு நடுக்கம்.

இந்த நேரம் பார்த்து அவன் மனைவி ஹம்சவேணிக்குக் கட்டத்தின் சேதி எட்டியது. அவள் தம்பி சாய்குமார், எட்டு வருஷத்துக்கு முன்னால் சிநேகிதனை ரயிலேற்ற ஜங்ஷனுக்குப் போனவன், அவனும் ஏறிப் போய்விட்டான். ஒரு வார்த்தை சேதி இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அக்கம்பக்கத்துக்குப் புரியாமல் சௌராஷ்ட்ர மொழியில்தான் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்குப் பயத்தில் தமிழில், தெருவே கேட்கப் போட்டார்கள்.

"அந்தக் கட்டத்துல தம்பி பேரைத் தட்டுறேன். அவன் இருக்குற எடத்துக்குப் போயிருவேன்ல?"

"இருந்தான்னா போவ. இல்லைன்னா? இல்லாதவனோட எடம் எதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருந்தா என்ன செய்வ? அது பாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும் வேணி!"

"வருசா வருசம் அவனுக்குத் தீவாளிச் சட்டை எடுக்குறேன். எம்புட்டு வளந்திருப்பான்னு தெரியாம வருசத்துக்கு ஒரு பிடி பெருசா எடுக்குறேன். அந்தத் துணிக்கடைக்காரன் மூஞ்சியப் பாக்குறதை விடவா ஒங்க கட்டம் என்னைப் பயமுறுத்தும்?"

கிரிதரன் கிளம்பிப் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றான். பால்பாண்டி டீயை ஆற்றிக்கொண்டே, "என்ன தம்பி, அன்னிக்குக் கடவாப்பல்லு, புடுங்கியாச்சா? வீட்டம்மா சௌக்கியமா? ஏன் இப்படி வேர்க்குது?" என்று ஆரம்பித்தார். கிரிதரனுக்கு உடம்பு சிலிர்த்தது. கூட்டிக்கொண்டு போவதை எடுத்துக்கொண்டு, விசாரிப்பதை விட்டுவிட்டோமே! விசாரிக்காமல் கூட்டிக்கொண்டு போகிறவன் வழிகாட்டியா, பிள்ளை பிடிக்கிறவனா? டீயைக் குடிக்காமல் நாகமலைக்கு ஓடினான். கட்டத்துக்குக் கீழே ஒரு வரி இறங்கும்படி எழுதினான்: 'இங்கேதானா?' ஆள் ஆமாம் என்று தொட்டுக் காட்டினால் ஒழிய நகராது. மறுநாள் காலை கட்டம் ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது. ஆனால் நல்ல வளர்ப்புக் கண்ட பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்தது.

சோதித்துப் பார்க்க அவன் பழங்காநத்தத்துக்கு வந்தபோது, ஹம்சவேணி ஓரத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பிக்கு எடுத்த தீவாளிச் சட்டை இருந்த பை. இம்மானுவேல் தடுத்தும் கேளாமல் செருப்போடு உள்ளே வந்திருந்தாள். தம்பி பெயரை முழுக்கத் தட்டி முடித்திருந்தாள். கட்டத்துக்குக் கீழே, கிரிதரன் எழுதாத வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. 'எந்த சாய்குமார்?' ஜங்ஷனுக்குப் போனவன் என்று தட்டினாள். 'நீங்க அவருக்கு என்ன வேணும்?' அக்கா. 'என்ன விஷயமா?' மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள். சட்டை கொடுக்க, என்று தட்டினாள். அடுத்த வரி இறங்கியது: 'ரொம்பத் தூரமாச்சே. தனியாவா போறீங்க?'

கிரிதரன் வெளியே போனான். ஓடிவிட்டான் என்றுதான் இம்மானுவேல் நினைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, அவள் நாற்காலியிலேயே பாதியைப் பிடித்து உட்கார்ந்து, "தள்ளு" என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு அவன்தான் அமுக்கினான்.

கண்ணைத் திறந்தபோது அடுப்பு நெருப்பு எதிரே எரிந்தது. அது எந்த இடம் என்று நினைத்தானோ, அவன் போட்ட கூச்சலில் பக்கத்து மசூதிப் புறாக்களெல்லாம் கிளம்பிவிட்டன. அது ஹைதராபாத்தில் ஒரு பேக்கரி. அடுப்புக்கு முன்னால் பிஸ்கட் தட்டோடு ஒரு தாடிக்காரன் வெறுங்காலோடு நின்றான். தட்டு கீழே விழுந்தது.

"அக்கா, ஐப்பசில நான் ஊருக்கு வந்தேன்" என்றான் சாய்குமார். "பழைய வீட்டுல நீங்க இல்ல. ஒன் பேரைப் போட்டுத் தேடலாம்னு பழங்காநத்தத்துல உக்காந்தேன். மொத எழுத்தைத்தேன் தட்டினேன். எம்புட்டு தைரியம் வேணும் மிச்சத்தைத் தட்ட… யோசிச்சேன், தூக்கி இங்க எறிஞ்சுருச்சு. ஊரே சேந்து வெரட்டுதுன்னு நெனச்சேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

அந்த வருஷம் பழங்காநத்தத்துப் பட்டதாரிகள் பாதிப்பேர் 'ஹ' எழுத்தில் தேடியது ஹைதராபாத்தில் வேலை. கிரிதரன் தரையில் கொட்டிக் கிடந்த மாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஒன்னை யாரும் வெரட்டலடா" என்றான். "அது நான் வச்ச ஊகம். ஒருத்தன் தயங்குனா, மத்தவன் கேட்டதைக் குடுன்னு நாந்தேன் சொல்லி வச்சேன்." ஹம்சவேணி இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சட்டையைப் பிரித்துத் தம்பியின் தோளில் வைத்து அளந்தாள். இரண்டு பிடி பெரிது. அதற்குத்தான் அவள் அழுதாள்.

கட்டம் கொண்டுபோய் விடுமே தவிர, திருப்பிக் கொண்டுவராது. மூவரும் ரயிலேறி மதுரைக்கு வந்து, நேராகச் சென்டர் வாசலுக்கு வந்தார்கள். சாய்குமார் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, ஈரம் காயாமலிருந்த நீல வார்ச் செருப்பில் காலை நுழைத்தான். "யாருண்ணே இதைப் போட்டுக்கிட்டு கக்கூஸுக்குப் போனது?" என்றான். இம்மானுவேல் கூரையைப் பார்த்தார்.

கட்டம் அதற்குப் பிறகும் வேலை செய்தது. சென்டரை மூடுகிற வருஷம்வரை பழங்காநத்தத்து ஜனம் அதில் ஏறி அவசரத்துக்கு மானாமதுரை, கல்யாணத்துக்குத் தேனி என்று போய் வந்தது. சாப்பிட்டாச்சா, குடை எடுத்தாச்சா என்று அது கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தட்டித்தான் விரல் தேய்ந்தது. ஏ.சி.க்குத் தூசி கெடுதல் என்று மெக்கானிக் எவ்வளவோ சொல்லியும் இம்மானுவேல் கேட்கவில்லை. வாசல் பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் 'செருப்போடு உள்ளே வரவும்' என்று எழுதி மாட்டினார்.