உம்றாச் சுறுமா

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொடியைக் கொண்டுவாருங்கள் என்று பல்கலைக்கழகச் செய்முறை வகுப்பில் முனாஸ் சேர் சொன்னார். எக்ஸ் கதிரை அதன்மேல் விழவிட்டு, அது எந்தெந்தக் கோணத்தில் திரும்பி வருகிறது என்று பார்த்தால், பொடி என்ன பொருள் என்று சொல்லிவிடலாமாம். மற்றவர்கள் உப்பும் சீனியும் கொண்டுவந்தார்கள். எனக்குத்தான் எதிலும் கொஞ்சம் எடுப்பாக இருக்கவேண்டுமே. என் அக்கா ஷாஹினா ராத்தா வைத்திருந்த சுறுமாக் குப்பியிலிருந்து, கண்ணுக்குத் தீட்டும் அந்தக் கறுப்புப் பொடியில் ஒரு சிட்டிகை கொண்டுபோனேன்.

ராத்தாவின் கணவர் றஸ்மி மச்சான், வேலைபார்க்கும் கட்டாரிலிருந்து உம்றா யாத்திரைக்குப் போனபோது மக்காவில் வாங்கிய சுறுமா அது. குழந்தை ஆகிலாவைக் குளிப்பாட்டிய பிறகு ராத்தா தினமும் பிஸ்மில்லாஹ் சொல்லி அவள் கண்ணுக்குத் தீட்டுவாள். ஒன்பது மாதமாகியும் ஆகிலா இன்னும் உட்காரவில்லை. உடம்பில் ரத்தமும் குறைவு. ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

சுறுமா என்றால் அந்திமனித் தாதுக் கல், அதுதான் வரும் என்று வகுப்பில் நான் அளந்துவிட்டிருந்தேன். திரையில் கோடுகள் எழும்பின. அந்திமனியோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஈயச் சல்பைட்டோடு எல்லாமே பொருந்தின. சேர் பொடியை மறுபடி அரைத்து இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். அதே கோடுகள்.

"இத வீட்டுல ஆரும் பாவிக்கிறாங்களா?"

"எங்கட ராத்தாட புள்ளைக்கு, சேர்."

"இண்டைக்கே நிப்பாட்டுங்க. கண்ணக் கசக்கிப்போட்டுக் கையச் சூப்பினா ஈயம் உள்ள போயிரும். புள்ளைட ரத்தத்துல ஈயம் இரிக்கா எண்டு டொக்டர்ட்டச் சொல்லிப் பாருங்க."

அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குப் புறப்பட்டேன். வீட்டில் ராத்தா குழந்தைக்குச் சுறுமா தீட்டி முடித்து, மச்சானின் அழைப்புக்காகத் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். சொன்னேன்.

"மக்கத்துச் சாமான் புள்ள. நபியவங்க செஞ்சு காட்டின சுன்னத்தான காரியம்."

"சுன்னத்துல பிழையில்ல, ராத்தா. குப்பிக்குள்ள இரிக்கிறதுதான் பிழை."

அவள் சண்டை பிடிக்கவில்லை. துணியை நனைத்து ஆகிலாவின் கண்களைத் துடைத்தாள். கறுப்பு முழுக்கப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

தொலைபேசி அடித்தது. திரையில் மச்சான் சிரித்தார்.

"என்ன, மகள்ட கண்ணுல சுறுமாவக் காணல்ல? முடிஞ்சி போச்சா? இன்னொண்டு அனுப்புறன்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அத்தோடு போயிருக்கும். அவள் அப்படிச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசையாக இருந்தது. தனியாகக் கிடக்கிற மனிதருக்கு இதையா சொல்வது? ராத்தா எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கு ரத்தம் சோதிக்கப் போவதையும் சொன்னாள்.

மச்சான் தொலைபேசியை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தார். அங்கே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நான் வாங்கித் தந்ததாலயா புள்ளைக்கு இப்பிடி?"

ராத்தா குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடித்தாள்.

"நீங்க ஒருக்காத்தான் வாங்கினீங்க. ஒவ்வொரு நாளும் தீட்டினது நான்."